2 லட்சம் வியூஸ் வந்தும் தெருவில் ஒருத்தரும் பார்க்கவில்லை: ஒரே தொகுதிக்கு வீடியோ பிரசாரம் எப்படி?

சந்துமுனை:

வணக்கம் மக்களே. வடசென்னையில் கடலை ஒட்டிய ஒரு சட்டமன்றத் தொகுதி. பதிவு பெற்ற சிறிய கட்சி, முதல் முறை நிற்கும் வேட்பாளர். வீடியோ வேலைக்கு ஆள் 5 பேர், சுமாரான ஆண்ட்ராய்டு போன் ரெண்டு, லேப்டாப் ஒன்று, காலர் மைக் ஒரு செட். ஒதுக்கிய பணம் மொத்தம் 3 லட்சம்.

இதுவரை நடப்பது: தெருமுனைக் கூட்டப் பேச்சு முழுசாக யூடியூபில் (40 நிமிடத்துக்குக் குறையாது), அதிலிருந்து வெட்டின துண்டு ரீல்ஸில். ஒரு துண்டு 2 லட்சம் வியூஸ் தாண்டிவிட்டது. ஆனால் நோட்டீஸ் கொடுக்கப் போகும் வீடுகளில் "பார்த்தோம்" என்று சொல்வார் யாரும் இல்லை.

எங்கே ஓட்டை? எத்தனை விநாடி, எந்த அளவு, யார் மூலம் அனுப்புவது? காசு கொடுத்து பூஸ்ட் போட்டால் தேர்தல் கணக்கில் எப்படிக் காட்டுவது? கருத்தை விட, செய்யும் முறை சொன்னால் உதவியாக இருக்கும்.

எடிட்மேசை:

முதலில் அந்த 2 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். ரீலைத் திறந்து இன்சைட்ஸ் போனால் எந்த ஊரிலிருந்து எத்தனை சதவீதம் என்று காட்டும். கோவையும் பெங்களூரும் துபாயும் வரிசையாக வந்து நிற்கும். சென்னை என்று காட்டுவதும் மொத்தச் சென்னை. மாவட்டத்தில் தொகுதி 16. தொகுதிவாரிக் கணக்கு எந்தத் தளமும் தராது. காரசாரமான பேச்சு வெட்டு ஓடினால் ஊர் ஊராகத்தான் ஓடும்; அல்காரிதத்தின் கையில் வாக்காளர் பட்டியல் இல்லை.

பூஸ்டிலும் இதே சிக்கல். மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டா நடத்தும் நிறுவனம்) வரைபடத்தில் பின் குத்தி வட்டம் போட வேண்டும். ராயபுரம் என்று வைத்துக்கொள்வோம். கல்மண்டபத்தில் பின் குத்தி 3 கி.மீ. வட்டம் போட்டால் கிழக்குப் பக்கம் கடல், மற்ற பக்கங்களில் ஆர்.கே. நகரும் துறைமுகமும் பெரம்பூரும். பெரிய வட்டம் ஒன்றுக்குப் பதில் தளம் விடுகிற அளவுக்குச் சின்ன வட்டங்கள் நாலைந்து போட்டு, பக்கத்துத் தொகுதிகளில் விலக்கு பின் குத்துங்கள். அப்போதும் கசியும், ஆனால் குறையும். கூகுள், யூடியூப் பக்கம் தேர்தல் விளம்பரத்துக்கு இடம், வயது, பாலினம், எந்த மாதிரி வீடியோவோடு வருவது, அவ்வளவுதான் தேர்ந்தெடுக்க விடுவார்கள்.

இப்போது உள்ளடக்கம். தெருவில் பேசப்பட வேண்டுமானால் தெருதான் திரையில் இருக்க வேண்டும். ஒரு தெரு, ஒரு பிரச்சினை, 45 விநாடி. முதல் 2 விநாடியில் வேட்பாளர் முகமும் வேண்டாம், கட்சிக்கொடியும் வேண்டாம். தெருப்பெயர்ப் பலகை, அதை ஒட்டிக் கழிவுநீர் பொங்கி நிற்கும் மூடி. "இது நம்ம தெருடா" என்று விரல் நிற்பது அங்கேதான். அடுத்த 10 விநாடி என்ன பிரச்சினை, எத்தனை நாளாக. பிறகுதான் வேட்பாளர், அந்த மூடிக்குப் பக்கத்திலேயே நின்று, தான் என்ன செய்வேன் என்று.

இந்த இடத்தில் கவனம். கவுன்சிலர் வேலை, குடிநீர் வாரிய வேலை, எம்.எல்.ஏ. வேலை மூன்றையும் குழப்பி வாக்குறுதி கொடுத்தால் கமெண்டில் கிழித்துவிடுவார்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதற்குள் எது அடங்கும், எது சட்டமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டியது என்று பிரித்து எழுதிக்கொண்டு கேமராவை எடுங்கள்.

படம் எடுக்கையில் தவறுவது பெரும்பாலும் சத்தம். காலர் மைக்கைச் சட்டையின் இரண்டாவது பட்டனுக்கு அருகில், மாலைக்கும் துண்டுக்கும் உரசாத இடத்தில் மாட்டுங்கள். சால்வை போர்த்தினால் அந்த ஷாட் போச்சு. கடற்காற்றுக்கு மைக்கில் பஞ்சுத்தொப்பி கட்டாயம். போன் ஸ்பீக்கரில் கனத்த குரலின் அடிப்பகுதி கேட்கவே கேட்காது. எடிட்டில் கீழ்ச்சுருதியைக் கொஞ்சம் வெட்டி நடுப்பகுதியைத் தூக்குங்கள். கேட்டுப் பார்ப்பதும் ஹெட்போனில் வேண்டாம், மலிவான ஒரு போனில்.

ராத்திரியில் எடுத்தால் திரையில் கறுப்புப் பட்டை ஓடும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் தானாக 30 ஃப்ரேமில் எடுத்தால் சில எல்.இ.டி. விளக்குகள் சிமிட்டும். புரோ மோடுக்குப் போய் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று பூட்டுங்கள்.

எழுத்து: முக்கால்வாசிப் பேர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். வசனத்தை வீடியோவிலேயே பதித்துவிடுங்கள், வரிக்கு 18, 20 எழுத்துக்கு மேல் வேண்டாம். 1080 × 1920 சட்டத்தில் மேலே 14 சதவீதமும் கீழே 35 சதவீதமும் காலியாக விடுங்கள். ரீல்ஸில் அங்கே பெயரும் பட்டன்களும் வந்து உட்காரும். சின்னத்தைக் கீழ்மூலையில் வைத்து அது லைக் பட்டனுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைத் தினமும் பார்க்கலாம்.

இன்னொன்று தமிழுக்கே உரிய தொல்லை. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாமல் யூனிகோட் தமிழ் அடித்தால் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நிற்கும். "கொடுப்போம்" என்ற சொல்லே உடையும். போஸ்டர் கடைக்காரர் தரும் பழைய பாமினி வகை எழுத்துருவில் எழுதியதை அப்படியே ஒட்டினாலும் குப்பைதான் வரும், யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பூத்சிலிப்:

எடிட்மேசை சார் சொன்னது எடுக்குற பக்கம். ஓட்டை இருக்குறது அனுப்புற பக்கத்துல. தொகுதிக்குள்ள போறதுக்கு ரீல்ஸ் கிடையாது, வாட்ஸ்அப்தான்.

நிறைய பேர் பண்ற தப்பு: தலைமை குரூப்ல ஒரு வீடியோ போட்டு "எல்லாரும் ஃபார்வர்ட் பண்ணுங்க"ன்றது. 2020 ஏப்ரல்ல இருந்து, பல முறை ஃபார்வர்ட் ஆன செய்தி ரெட்டை அம்புக்குறி விழுந்து ஒரு நேரத்துல ஒரே சாட்டுக்குத்தான் போகும். அம்புக்குறியப் பாத்ததுமே பாதிப்பேர் திறக்கவும் மாட்டான். அதனால சங்கிலி வேணாம். பூத்துக்கு ஒரு ஆள். ஒரு பூத்துல ஏறக்குறைய ஆயிரம் வாக்காளர், அந்த ஆள் அதே தெருக்காரரா இருக்கணும். ஒரிஜினல் ஃபைல டிரைவ் லிங்க்லயோ டாக்குமென்ட்டாவோ அவருக்கு அனுப்புங்க. வீடியோவா அனுப்பினா வாட்ஸ்அப் ஒரு தடவ நசுக்கும், அவர் இறக்கித் திரும்ப ஏத்தினா இன்னொரு தடவ நசுக்கும். பதிச்ச எழுத்து கஞ்சி ஆயிடும். டாக்குமென்ட்டா வாங்கி கேலரில வெச்சு அவரே புதுசா போடட்டும்.

வாட்ஸ்அப்புக்குன்னு தனி எக்ஸ்போர்ட் எடுங்க. 720 × 1280, எச்.264, வீடியோ 2.2 மெகாபிட், ஆடியோ 128 கிலோபிட். 45 விநாடி 13 எம்.பி. சுமாருக்கு வரும். 16 எம்.பி. தாண்டாம இருந்தா பழைய போன்லயும் மாட்டாது.

அதுக்கும் மேல ஸ்டேட்டஸ். தெரு குரூப்ல அரசியல் போட்டா அட்மின் தூக்கிடுவார், அபார்ட்மென்ட் அசோசியேஷன் குரூப்ல சொல்லவே வேணாம். அங்க ஒரு தடவ போட்டுக் கெட்ட பேர் வாங்கினா தண்ணி லாரி எப்ப வரும்ன்ற சேதிகூட உங்களுக்கு வராது. ஸ்டேட்டஸ் யார் வாயிலயும் திணிக்கிறது இல்ல. முக்கியமா, யார் யார் பாத்தாங்கன்னு பேரோட காட்டும். 40 பூத் ஆளுங்க ஆளுக்கு 80 பேர் பாத்தா 3,200. அதுல ரெண்டு பேருக்குப் பொதுவான பேர் கழிச்சாலும், மிச்சம் இருக்கிறது முகம் தெரிஞ்ச, பெரும்பாலும் அதே தொகுதி ஆளுங்க. உங்க 2 லட்சத்த விட இந்தக் கணக்கு கைக்கு உதவும். ப்ளூ டிக்க அணைச்சு வெச்சவங்க பேர் மட்டும் வராது. தினம் ராத்திரி பத்து மணிக்கு எண்ணிக்கைய ஒரு ஷீட்ல ஏத்துங்க. எந்த பூத் செத்துக் கெடக்குதுன்னு மூணு நாள்ல தெரிஞ்சிடும்.

புது சிம் வாங்கி ஆயிரம் நம்பருக்கு ஒரே நாள்ல தள்ற சாஃப்ட்வேர் வித்துட்டு வருவாங்க. வாங்காதீங்க. நம்பர் பிளாக் ஆகும். பிசினஸ் ஏ.பி.ஐ. (கம்பெனிங்க மொத்தமா செய்தி அனுப்புற வழி) வழியா அனுப்பலாமேன்னா அதையும் கட்சிக்கும் வேட்பாளருக்கும் குடுக்கிறதில்லன்னு வாட்ஸ்அப் கொள்கையிலயே இருக்கு.

பேரேடு:

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் (2022 ஜனவரியில் உயர்த்தியது). வேட்புமனு தாக்கல் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை. மனு போடுவதற்கு முன்பே எடுத்து முடித்த வீடியோவானாலும், பிறகு பயன்படுத்தினால் அதன் தயாரிப்புச் செலவு கணக்கில் ஏறும். சமூக ஊடகம் குறித்துத் தேர்தல் ஆணையம் கொடுத்த 2013 அக்டோபர் அறிவுறுத்தல் இதில் தெளிவாக இருக்கிறது: தளத்துக்குக் கட்டும் விளம்பரப் பணம் மட்டும் அல்ல, உள்ளடக்கம் உருவாக்கும் செலவும், அதில் வேலை செய்வோரின் சம்பளமும் சேரும். உங்கள் 5 பேரில் யாருக்குக் கூலி, யார் தொண்டர் என்று இப்போதே பிரித்து எழுதுங்கள். வேட்பாளரின் சமூக ஊடகக் கணக்குகளைப் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் குறிப்பிட வேண்டும்.

தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, மனுத்தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பு. ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ மொத்தத் தேர்தல் காலத்திலும் ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் தரக் கூடாது. எடிட்டருக்கு நாலாயிரம் நாலாயிரமாக மூன்று தவணை கொடுத்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் சிக்குவது இங்கேதான், கூட்டினால் 12,000. யூடியூப் பேட்டிக்குக் காசு கேட்கிறவருக்கும் இதே விதி.

சான்றிதழ்: வேட்பாளர் தன் சொந்தப் பக்கத்தில் காசு கட்டாமல் போடும் பதிவுக்கு முன்சான்று தேவையில்லை. அதே பதிவை பூஸ்ட் செய்த நிமிடம் அது விளம்பரம். மாவட்ட ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சென்னையில் மாவட்டத் தேர்தல் அதிகாரி மாநகராட்சி ஆணையர் என்பதால் விசாரிக்க வேண்டிய இடம் ரிப்பன் மாளிகை. வெளியிட நினைக்கும் நாளுக்கு 3 நாளாவது முன்பு விண்ணப்பம், வீடியோவின் 2 பிரதி, சான்றொப்பமிட்ட வசன எழுத்து, தயாரிப்புச் செலவு, வெளியீட்டுச் செலவு. சான்று வாங்கிய பிறகு ஒரு வரி வசனத்தை மாற்றினாலும் அது வேறு வீடியோ. ஆகவே பூஸ்ட் போட உத்தேசித்த ஆறோ எட்டோ வீடியோவை ஒரே மூச்சில் முடித்து ஒன்றாகக் கொடுங்கள்.

இதற்கு இணையாக மெட்டாவில் அரசியல் விளம்பர அனுமதி எடுக்க வேண்டும். அடையாளச் சரிபார்ப்பு, யார் பணம் என்ற அறிவிப்பு வாசகம் எல்லாம் உண்டு. கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் முடியாது. பெயரில் இனிஷியல் ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் இருந்தாலே திருப்பி அனுப்பக்கூடும். அந்த விளம்பரங்கள் 7 ஆண்டுக்குப் பொது நூலகத்தில் இருக்கும். செலவு எந்த வரம்புக்குள் என்பதை எதிர்த்தரப்பும் பார்க்கும். உங்கள் செலவுக் கணக்கு ஏட்டில் உள்ள தொகை அதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஆணையத்தின் வீடியோ கண்காணிப்புக் குழுவும் கூட்டத்தைப் படம் எடுக்கிறது. அதை இன்னொரு குழு உட்கார்ந்து பார்த்து நாற்காலி, பந்தல், எல்.இ.டி. திரை என்று எண்ணி, மாவட்ட விலைப்பட்டியல்படி நிழல் பதிவேட்டில் (உங்கள் செலவுக்கு அவர்கள் தனியாக வைக்கும் கணக்கு) எழுதும். உங்கள் லைவில் 500 நாற்காலி தெரிய, ஏட்டில் 200 என்று இருந்தால் தேர்தல் செலவுப் பார்வையாளர் முன் பதில் சொல்ல வேண்டிவரும். பிரசார காலத்தில் ஏடு குறைந்தது 3 முறை பரிசோதனைக்குப் போகும். முடிவு வந்த 30 நாளுக்குள் முழுக்கணக்கு. தாக்கல் செய்யாவிட்டால் 3 ஆண்டு தகுதிநீக்கம் வரை போகலாம்.

சந்துமுனை:

எல்லோருக்கும் நன்றி. பூத்சிலிப் அண்ணா, ஸ்டேட்டஸ் கணக்கு இன்றைக்கே ஆரம்பம். இன்னும் ரெண்டு: எல்.இ.டி. வண்டி வாடகைக்கு எடுக்கலாமா என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இன்னொன்று, கட்சியின் மறைந்த நிறுவனர் குரலில் ஏ.ஐ. வாழ்த்து ஒன்று தயாரிக்கலாம் என்கிறார்கள்.

ஒளிவட்டம்:

வண்டிக்கு முன் திரையின் புள்ளிக் கணக்கைப் போடுங்கள். பி4 என்றால் விளக்குக்கும் விளக்குக்கும் 4 மி.மீ. திரை 2.56 மீ. அகலம், 1.92 மீ. உயரம் என்றால் கிடைப்பது 640 × 480 புள்ளி, அவ்வளவே. உங்கள் ரீலை அப்படியே ஓடவிட்டால் நடுவில் 270 புள்ளி அகலத்தில் ஒரு கம்பம் மாதிரி நிற்கும். பதித்த வசனம் ஒன்றும் தெரியாது. வண்டிக்குத் தனியாக 4:3 வெட்டு, எழுத்தின் உயரம் திரை உயரத்தில் பத்தில் ஒரு பங்காவது. பி4 திரையை 4 மீட்டருக்கு உள்ளே நின்று பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். வடசென்னைச் சந்துகளில் அந்த 4 மீட்டரே கிடைக்காது. வெயிலில் ஓட வேண்டுமானால் வெளிப்புறப் பேனல், வெளிச்சம் 5,000 நிட்ஸ் சுமார். கல்யாண மண்டபப் பேனலை வண்டியில் கட்டித் தந்தால் மதியம் வெள்ளைத்துணிதான் தெரியும். மாற்றம் செய்த வண்டிக்குப் போக்குவரத்து அலுவலக அனுமதி, தேர்தல் அதிகாரி அனுமதி, உள்ளே ஓடும் படத்துக்குச் சான்று மூன்றும் வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. 3 லட்சத்தில் இது தேவையில்லாத வேலை. மார்க்கெட் முனைகளுக்கு மட்டும் 3, 4 நாள் என்றால் யோசிக்கலாம்.

ஏ.ஐ. குரல்: தமிழ்நாட்டுக்கு இது புதிது இல்லை. 2024 ஜனவரியில் கருணாநிதி ஏ.ஐ. உருவில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் பேசினார். அடுத்த மாதமே ஜெயலலிதா பிறந்த நாளுக்கு அவர் குரலில் ஏ.ஐ. ஒலிப்பதிவு வந்தது. அவை இரண்டும் கோடிப் பேர் காதில் பதிந்த குரல்கள். கேட்டதும் ஆள் தெரியும். உங்கள் நிறுவனர் குரல் தொகுதியில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாத குரலை நகல் எடுத்து என்ன பயன்?

செய்தே ஆக வேண்டும் என்றால்: குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வ சம்மதம். தேர்தல் ஆணையத்தின் 2025 அக்டோபர் அறிவுறுத்தல்படி, ஏ.ஐ. என்ற முத்திரை திரைப்பரப்பில் 10 சதவீதமாவது தெரிய வேண்டும்; ஒலி மட்டும் என்றால் தொடக்க 10 சதவீத நேரத்துக்கு. உருவாக்கியவர் விவரம், நேரம் எல்லாம் கட்சி பதிவு செய்து வைக்க வேண்டும். குரல் நகலுக்கு மேடைப்பேச்சு ஒலிப்பதிவைத் தீனியாகப் போடாதீர்கள், எதிரொலியும் கைதட்டலும் குரலோடு சேர்ந்துவிடும். வீட்டிலோ அறையிலோ எடுத்த பேட்டி இருந்தால் அது. வெளிவந்ததும் ழ, ள, ல மூன்றையும் காதால் சோதியுங்கள். எண்களையும் கட்சிப் பெயர்ச் சுருக்கங்களையும் உச்சரிப்பில் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கோமாளித்தனமாகப் படிக்கும்.

உங்கள் வேட்பாளருக்கு ஏ.ஐ.யை விடப் பெரிய ஆபத்து வெட்டி ஒட்டுவது. "இலவசம் தர மாட்டேன் என்று சொல்ல நான் யார்" என்றதில் பின்பாதியைக் கழித்துவிட்டால் கதை முடிந்தது. அதற்கு மென்பொருள்கூட வேண்டாம், போன் போதும். ஒவ்வொரு பேச்சையும் சொந்தக் கேமராவில், நடுவில் நிறுத்தாமல், முழுதாக எடுத்து அன்றிரவே ஏற்றி வையுங்கள். வெட்டு கிளம்பினால் மறுப்பறிக்கை எழுத வேண்டாம். முழுப் பேச்சின் இணைப்பு, எத்தனையாவது நிமிடம் என்ற குறிப்பு, வெட்டையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த 20 விநாடி வீடியோ. இதை பூத் ஆட்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் அனுப்ப முடிகிறதா என்று ஒருமுறை ஒத்திகை பாருங்கள். வேட்பாளரின் நடத்தை பற்றிய பொய் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 175ஆம் பிரிவில் புகாரும் கொடுக்கலாம்.

எடிட்மேசை:

அதனால்தான் 40 நிமிடப் பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை. அதைப் பார்க்க ஆள் குறைவு, ஆனால் பத்திரம் மாதிரி இருக்கட்டும். லைவ் போட ஆசைப்பட்டால்: யூடியூப் லைவ் முதல்முறை திறக்க 24 மணி நேரம் பிடிக்கும், போனிலிருந்து போட 50 சந்தாதாரராவது வேண்டும். 720 போதும், 3 மெகாபிட். அதைப் போல் இரண்டு மடங்கு அப்லோடு இருக்க வேண்டும். கூட்டம் சேர்ந்ததும் டவர் திணறும். மாலை 4 மணிக்குச் சோதித்த வேகம் 7 மணிக்கு இருக்காது. பக்கத்துக் கடையில் கேபிள் பிராட்பேண்ட் இருந்தால் கேட்டு வாங்கி, ஒயர் இழுங்கள்.

சினிமாப் பாட்டு மேடையில் ஓடினால் லைவே முடங்கலாம். மெட்டை மட்டும் எடுத்து வேறு வரி போட்டாலும் மெட்டுக்கு உரிமைக்காரர் இருக்கிறார். நம்ம ஏரியா கானா பாடகர் ஒருவரிடம் புது மெட்டில் 30 விநாடி கேளுங்கள். பாடியவர், மெட்டுப் போட்டவர் இருவரிடமும் கையெழுத்து, பணம் வங்கி வழியாக.

சந்துமுனை:

பேரேடு ஐயா, கடைசி 48 மணி நேரம் பற்றி மட்டும் ஒரு வரி?

பேரேடு:

வாக்குப்பதிவு மாலை 6 மணிக்கு முடிவதாக இருந்தால், இரண்டு நாள் முன்னதாக மாலை 6 மணியோடு எல்லாம் நிற்க வேண்டும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 126. பூஸ்ட் போடும்போதே முடியும் நேரத்தை மாலை 5 என்று அடித்துவிடுங்கள். பலர் மறப்பது முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவுகள். அவை ஆள் தூங்கினாலும் தானாக வெளியே போகும். பேஜ், இன்ஸ்டா, யூடியூப் மூன்றிலும் திட்டமிட்ட பட்டியலைத் திறந்து பாருங்கள். பூத் ஆட்களின் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும், பிரசாரம் நிற்கும் நாளுக்கு முதல் நாள் இரவு 9 மணிக்குப் போட்டது மறுநாள் இரவு 9 வரை ஓடும். எதிர்த்தரப்பு யாராவது தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் புகார் வசதியில் 2 நிமிட வீடியோ எடுத்துப் போட்டால், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பதுதான் அதன் ஏற்பாடு. அந்த முதல் நாள் மாலை 6 மணிக்குப் பிறகு யாரும் புது ஸ்டேட்டஸ் போட வேண்டாம் என்று பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள், குரூப்பில் போட்டால் படிக்க மாட்டார்கள்.